கிளிமூக்குக் கட்டர்

பிரேக் ஒயர் பிரிந்து, அதன் முடி போன்ற ஒற்றை இழை நகக்கண்ணில் ஏறினால் வருகிற வலி முள் குத்திய வலியைப் போன்றதல்ல. ரத்தம் வராது, ஆனால் விரல் நுனி இரண்டு நாளைக்கு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டே இருக்கும். தியாகதுருகத்தில் நானும் என் தங்கை கனகாவும் பள்ளிக்கூடம் போன காலத்தில், அந்த வலி எங்கள் இருவர் விரல்களிலும் மாறி மாறிக் குடியிருந்தது.

காரணம் ஒரு கியர் சைக்கிள். கல்வராயன் மலையில் கரியாலூரில் வேலை பார்த்த பெரியப்பா, மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச் சென்றதை எங்களுக்காக லாரியில் இறக்கி அனுப்பியிருந்தார். ஊரில் மற்ற சைக்கிள்களுக்கெல்லாம் பிரேக் இரும்புக் கம்பியில் இயங்க, இதற்கு எல்லாமே ஒயர்; ஒயருக்கு மேலே போர்த்திய குழாய்க்கு "அவுட்டர்" என்று பெயர். சைக்கிள் கடைக்காரர் அந்த அவுட்டரைக் கல்லில் வைத்து உளியால் ஒரே போடு போடுவார். அதன் வாய் நசுங்கி, உள்ளே ஒயர் இறுகி, பிடித்த பிரேக் விடவே விடாது. ஒருநாள் கனகா அந்த நசுங்கிய வாயைக் கோணி ஊசியால் நிமிண்டித் திறந்து, அரத்தால் ராவி, எண்ணெய் விட்டு ஓடவைத்தாள். ரைஸ்மில்லில் வேலை பார்த்த அப்பா அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க சின்னதுக்குக் கைல வேல கீதுங்க" என்று சொல்லத் தொடங்கினார். நான் வகுப்பில் முதல் மாணவி. அதை அவர் ஒருவரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒயர் வெட்ட நல்ல சாமானாக ஒன்று வாங்கலாம் என்று அப்பா எங்கள் இருவரையும் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனார். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த இரும்புக் கடையில், கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார்: ஒரு "கட்டிங் பிளேயர்", தகரம் வெட்டுகிற கத்திரி, பிறகு கிளி மூக்கைப்போல் வளைந்த வாயுள்ள ஒரு குட்டைக் கட்டர். முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் நான் சிவப்புப் பிடி போட்ட பிளேயரை எடுத்து, "இதாம்ப்பா உறுதியா கீது" என்றேன். கனகா பாவாடை இடுப்பிலிருந்து ஒரு பழைய ஒயர்த் துண்டையும் அவுட்டர்த் துண்டையும் உருவினாள்.

"அண்ணே, வெட்டிப் பாக்கட்டுங்களா?"

பிளேயரில் வெட்டிய ஒயரின் முனை துடைப்பம்போல் விரிந்தது. கத்திரியில் அவுட்டர் சப்பையானது. கிளிமூக்கோ ஒயரை நாலா பக்கமும் அணைத்துப் பிடித்து, ணக்கென்று ஒரே வெட்டில் உருண்டையாக விட்டது. கடைக்காரர் அப்பாவைப் பார்த்து, "பொண்ணு நம்மளயே பரீட்ச வெக்குதுங்களே" என்றார். அப்பாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை என் மதிப்பெண் அட்டை ஒருநாளும் வரவழைத்ததில்லை.

மறுநாள் வீட்டில் யாருமில்லாத நேரத்தில், நான் அந்தக் கட்டரை எடுத்துப் பழைய சக்கரத்தின் ஆரமான, ஒயரைவிடப் பலமடங்கு கெட்டியான "போக்ஸ்" கம்பியை அதன் வாயில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கி வெட்டினேன். ஒன்றல்ல, நான்கு. கட்டரின் வெட்டு வாயில் பல் பல்லாகப் பள்ளம் விழுந்தது. துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அந்த வாரமே கனகா புது ஒயர் போட உட்கார்ந்தாள். முனை பிரிந்தது. மறுபடி வெட்டினாள், மறுபடியும் பிரிந்தது. அப்பா கட்டரை வாங்கிப் பார்த்து, "பாத்துப் பாத்து எடுத்தியேம்மா, மட்ட சரக்கா பூடுச்சே" என்றார். அதட்டவில்லை, வருத்தப்பட்டார். கனகா அன்று சாப்பிடாமல் படுத்தாள். நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் சந்தோஷம் மூன்று நாள் நிலைத்தது. கறிக்கடைக்காரரிடம் சாணைக்கல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்த கனகா, கட்டரின் மறையாணியைக் கழற்றி, இரண்டு வாயையும் தனித்தனியாகத் தினமும் மாலையில் தேய்த்தாள். நான்காம் நாள் அது பழையபடி வெட்டியது. அப்பா மில்லிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்து காட்டினார். நான் கெடுத்ததே அவளுக்கு இன்னொரு பெருமையாகிவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் போனதும், குற்ற உணர்ச்சியால் அல்ல, வெறும் எரிச்சலில் கத்தினேன்:

"நான்தான்டி அத கெடுத்தேன்! போக்ஸ் கம்பிய வெச்சு வெட்டுனேன்!"

அடிப்பாள், அழுவாள், அப்பாவிடம் ஓடுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"போக்ஸயா? வெட்டுச்சா?"

"வெட்டுச்சு. நாலு."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப நான் நல்லதாதான் எடுத்துக்கினு வந்துகீறேன் யக்கா!" என்றாள். இத்தனை நாளும் அவளை வாட்டியது கட்டர் கெட்டதல்ல, தன் கண் தவறிவிட்டதோ என்ற சந்தேகம்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதற்கும் நான் பொறாமைப்பட்டேன்.

இப்போது அந்த இரும்புக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஒரு பெண்ணைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்ற நிலை வந்தபோது அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். கனகாவைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய ஸ்கூட்டரில் பிரேக் ஒயர் தளர்ந்திருந்தது. "நீயே சரி பண்ணக்கூடாதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் மறந்து போச்சுக்கா, மெக்கானிக் வருவாரு" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தாள். அவளிடம் பொறாமைப்பட எனக்கு இன்றைக்கு ஒன்றுமே இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.