கொல்லிமலையில் என் கணவர் அடைத்த மடை

மேட்டூர் அணை திறந்துவிட்டால் என் கணவர் வயலை விட்டு நகரமாட்டார். அதனால்தான் அதற்கு முன்பே அவரையும் மகளையும் தஞ்சாவூரிலிருந்து கொல்லிமலைக்கு இழுத்து வந்தேன்.

இன்று காலை மூவரும் தூண்டிலோடு ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆளைக் காணோம்.

தேடிப் போனால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாருடைய வயல் வரப்பிலோ மண்ணை அள்ளி அப்பிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"வரப்பு உடைப்பெடுத்திருக்கு. தண்ணி வீணாப் போவுது பாரு."

"அப்பா, அது நம்ம வயல் இல்ல" என்றாள் மகள்.

"யார் வயலா இருந்தா என்ன?"

அவர் கை கழுவுவதற்குள் வயல்காரர் மேலேயிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தார். "யாருங்க அடைச்சது? கீழ் வயலுக்குத் தண்ணி பாய நான்தாங்க வெட்டிவிட்டேன்!"

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். "இவ்ளோ அகலமா வெட்டுனா வரப்பு நிக்காதுங்க" என்கிறார்!

பிறகு இருவரும் சேர்ந்து மதியம்வரை மடையைத் திருத்தினார்கள். மீனும் இல்லை, அருவியும் பார்க்கவில்லை.

அடுத்த கோடைக்கு ஓர் ஊர் சொல்லுங்கள். கடற்கரை மட்டும் வேண்டாம். காவிரித் தண்ணீரெல்லாம் வீணாகப் போய்ச் சேருமிடம் அதுதான் என்று அவருக்குத் தெரியும்.