அத்தைக்கு ஓட்டு கேட்டேன்

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில், அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில் கோடைதோறும் பெண்கள் கால்பந்துப் போட்டி நடக்கும். ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுக்கு வட்டார நிருபர்கள் ஐந்து பேர் ஓட்டுப் போடுவார்கள். நிருபர்கள் என்றாலும் பிழைப்பு வேறு. ஒருவருக்கு ஜெராக்ஸ் கடை, ஒருவருக்கு செல்போன் கடை. உரக்கடை வைத்திருந்த என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, டிஃபென்ஸில் ஆடுவாள். அவளைத் தாண்டிப் பந்து போவது லேசில்லை. ஆனால் நிருபர்கள் கண்ணில் கோல் போட்டவள்தான் படுவாள். செய்தி எழுத அதுதான் சுலபம். அந்த வருடம் பிளஸ் டூ முடித்த அத்தை கல்லூரி அணியில் சேரத் துடித்தாள்.

"இந்த வருஷம் சிறந்த வீராங்கனை கப்பை வாங்கிட்டு வா, அனுப்புறேன். இல்லன்னா பந்தை மறந்துடணும்," என்றார் அப்பா.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பஞ்சாயத்துத் தேர்தலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஓட்டு என்றால் கேட்டு வாங்குவது என்றுதான் தெரியும். கும்பிட்ட கையோடு கடை கடையாகப் போனேன்.

"உங்கள் பொன்னான வாக்கை எங்க அத்தைக்கே போடுங்க. முழு மேட்சையும் பாத்துட்டுப் போடுங்க!"

ஜெராக்ஸ் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "முழுசா பாக்கணுமா? இது என்னம்மா புது கண்டிஷனா இருக்கு!"

வீட்டு ஓட்டு எங்கே போய்விடும் என்று அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று நிருபர்கள் முதல் விசிலுக்கே வந்துவிட்டார்கள். அத்தை உயிரைக் கொடுத்து ஆடினாள். முழங்கால் சிராய்ந்து ரத்தம் வழிந்தும் ஒரு பந்தைக்கூட விடவில்லை. அவள் அணியிலேயே இன்னொரு பெண் ஒரே ஒரு கோல் போட்டாள், ஜெயித்துவிட்டார்கள்.

நிருபர்கள் ஒவ்வொருவராக மைக்கில் பெயரைச் சொன்னார்கள். அத்தைக்கு இரண்டு ஓட்டு, கோல் போட்டவளுக்கு இரண்டு. கடைசி ஓட்டு அப்பாவுடையது. நான் கைதட்டத் தயாராக எழுந்து நின்றேன். அப்பா கோல் போட்டவளின் பெயரைச் சொன்னார்.

"சொந்தத் தங்கச்சின்னும் பாக்கல! இவருல்ல பத்திரிகைக்காரரு!" என்று விழாத் தலைவர் அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார். கப் கோல் போட்டவளுக்கு, சால்வை அப்பாவுக்கு. அத்தைக்கு மட்டும் ஒன்றுமில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராக அப்பா எதிரில் போய் நின்றாள். அழவில்லை.

"உங்க நேர்மையெல்லாம் இருக்கட்டும்ண்ணே. இன்னைக்கு யாரு நல்லா ஆடுனா? அத மட்டும் சொல்லுங்க."

அப்பா சால்வையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"போதும். நான் காலேஜ்ல சேந்து ஆடத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டு அத்தை பூட்ஸைக் கழுவப் போனாள். அப்பா தடுக்கவில்லை.

கப்பும் கிடைக்கவில்லை, பதிலும் வரவில்லை. பிறகு எதைப் போதும் என்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.