கரைகிற மாத்திரைக்குக் காவல்

மாத்திரை கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலை, அதற்கு ராத்திரி டியூட்டி வேறு உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை; ஏழு வருஷமாக அதைச் செய்துவரும் எனக்கே சில ராத்திரிகளில் நம்பிக்கை வருவதில்லை. ஊர் தூங்கும்போது கண்ணை விழித்துக்கொண்டு எதையாவது காத்துக் கிடக்கிற சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரையை உள்ளே அனுப்பிவிட்டு மறந்துபோகிறவர்கள். அது உள்ளே என்ன பாடுபடுகிறது என்று கவலைப்பட நாங்கள் இருக்கிறோம்.

ஜாடிக்குள் ஒரு நூல்

போர்ட் பிளேரில் ஒரு மேட்டின் மேல் எங்கள் ஆராய்ச்சி நிலையம். நிலையம் என்றால் நாலு அறை. ரத்தக் கொதிப்புக்கான ஒரு புது மாத்திரையைப் பரிசோதிக்கிறோம். பழையதை மூன்று வேளை போட வேண்டும். இது ஒரே வேளை. மேலே கெட்டியான உறை. அந்த உறையில் ஊசி முனையைவிடச் சிறியதாக ஒரே ஒரு துளை. தண்ணீர் உள்ளே ஊற ஊற, மருந்து அந்தத் துளை வழியாக ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். எங்கள் தீவுகளின் ஈரத்திலும் உப்புக் காற்றிலும் கிடந்த பிறகும் மாத்திரை அதே நிதானத்தோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆறு கண்ணாடி ஜாடிகள், உடம்புச் சூட்டில் தண்ணீர், ஒவ்வொன்றிலும் மெதுவாகச் சுழலும் ஒரு துடுப்பு. மணிக்கு ஒரு தரம் ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் குப்பியில் அடைத்து நேரத்தை எழுதுவது என் வேலை.

நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டவன். அப்புறம் பன்னிரண்டு வருஷம் மெடிக்கல் ஷாப் கவுண்டர். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், அதுதான் நான் படித்த காலேஜ். இங்கே வந்த முதல் ராத்திரி பெரிய விளக்கை அணைத்துவிட்டு, ஜாடிகளுக்குப் பின்னால் இருந்த சின்ன விளக்கை மட்டும் போட்டேன். மாத்திரை அடியில் வெள்ளையாகக் கிடந்தது. துளையிலிருந்து ஏதோ ஒரு நூல் எழுந்தது. துடுப்பு சுழன்ற பக்கம் வளைந்தது. இல்லாமல் போயிற்று. மறுபடி எழுந்தது. கடலுக்கடியில் உட்கார்ந்து எவருடைய மூச்சையோ பார்ப்பது போலிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காலையில் டாக்டர் மேடம் வந்தார். வங்காளி, போர்ட் பிளேரிலேயே பிறந்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து தமிழைப் பிடித்துக்கொண்டவர். என் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "மூணு மணி சாம்பிள் எங்கே? அரே, மாத்திரை கரையணும். நீ கரையக் கூடாது."

ரிட்டர்ன் டிக்கெட்

மாதம் ஒரு தரம், மாத்திரையைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர்கள் தீவுகளிலிருந்து வருவார்கள். ஒரு ராத்திரி எங்களோடு தங்குவார்கள். கையில் ரத்தக் கொதிப்புப் பார்க்கிற பட்டை கட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்து, நர்ஸ் அவர்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வார். நான் டீ போட்டுக் கொடுப்பேன்.

லாங் ஐலண்டிலிருந்து வருகிற செல்வராஜ் அண்ணன் படகுத் தச்சர். ஒரு தடவை கப்பலை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். திறந்தேன். பஞ்சில் படுத்திருந்தது எங்கள் மாத்திரை, கழுவித் துடைத்தது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர் முகமே சொன்னது. அண்ணே, இது வெறும் கூடு, மருந்தெல்லாம் உள்ளே இறங்கிவிட்டது, உறை மட்டும்தான் வெளியே வரும் என்று ஜாடியைக் காட்டி விளக்கினேன். கூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காதருகே ஆட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. தீவுப் பேச்சில் மருந்துக்குத் தவாய் என்று பேர். "அரே தம்பி, உன் தவாய் உள்ள போயி, டூரிஸ்ட் மாதிரி சுத்திப் பாத்துட்டு அப்படியே திரும்பி வந்துடுச்சு. இதுக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டது யாரு?"

எதிர்த்திசைப் படகு

என் வீடு துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். காலையில் சாத்தம் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, வரும்போது, பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்த படகு ஜனத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். டிபன் பை, குளித்த தலை, பவுடர் வாசனை. அத்தனை பேரும் இறங்கிய பிறகு ஏறுகிற நாலைந்து பேரில் நான் ஒருவன். துறைமுகத்துத் தண்ணீர் அந்த நேரத்தில் பால் கலக்காத டீ நிறத்தில் இருக்கும். துடுப்பு எங்கே என்று கண் தேடும். காலியான கூடைகளோடு திரும்புகிற ஒரு வங்காளி மீன்காரி, ஊரெல்லாம் வேலைக்குப் போகும்போது நான் மட்டும் கனவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்று தினமும் ஹிந்தியில் குத்திக்காட்டுவாள்: "சப் லோக் டியூட்டி ஜாத்தா, தும் சப்னா லேக்கே கர் ஜாத்தா!"

கிணற்றடி

ராசம்மா அக்கா தெற்கே ஒரு தீவில், ஹட் பே என்கிற ஊரிலிருந்து வருகிறவர். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேறியவர்கள். அக்கா பாமாயில் தோட்டத்தில் பழக்குலை சுமந்தவர். தோட்டம் மூடியாயிற்று, புருஷன் போயாயிற்று, ஒரே மகள் மெயின்லேண்டில். தனி ஆள். ரத்தக் கொதிப்பு ஏறி ஒரு நாள் கிணற்றடியில் விழுந்து, மத்தியானம் மீன்காரன் வந்து குரல் கொடுக்கும் வரைக்கும் அப்படியே கிடந்திருக்கிறார். அவருக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. மறுபடி விழுந்து, யாருக்கும் தெரியாமல் கிடப்பதுதான் பயம்.

மூன்று வேளை மாத்திரையில் மத்தியான வேளை எப்போதும் மறந்துபோகும் என்பதால்தான் இந்த ஒரு வேளை மாத்திரைக்குச் சம்மதித்தார். முதல் ராத்திரி கையில் பட்டையோடு உட்கார்ந்துகொண்டு, ஜாடிகளை என்னோடு சேர்ந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து போகும்போது, தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டை நினைத்துக்கொண்டு சொன்னார்: "பெரட்டுல பேரு கூப்புடுறதுக்கு முந்தியே ஓடிப்போயி நிக்கிற சனம் நாங்க. இது என்னாங்க தம்பி, ஒரு மாத்திரை இம்புட்டு ஆறுதலா, அவசரமே இல்லாம வேலை செய்யிது?"

பாதி பாதியாக

போன மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம் நிலையத்துப் போன் அடித்தது. ராசம்மா அக்கா. கடல் கொந்தளிப்பு, ஹட் பேக்கு வந்த கப்பல் அங்கேயே ஜெட்டியில் நிற்கிறதாம், நாலு நாளைக்கு நகராதாம். கையில் இரண்டே மாத்திரை. மருந்து வாங்க வரவேண்டிய தேதியில் வர முடியாது. மேடத்துக்குப் போட்டால் போன் போகவில்லை என்றார். போகாது, மேடம் அப்போது மெயின்லேண்டுக்குப் பறந்துகொண்டிருந்தார்.

கப்பல் வராத நாட்களில் தீவுக்காரர்கள் செய்வது ஒன்றுதான். அரிசி பாதி, கேஸ் பாதி, மருந்து பாதி. மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்று பன்னிரண்டு வருஷம் நான் எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம், யோசிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது: பாதி பாதியா ஒடச்சுப் போட்டுக்குங்க அக்கா, நாலு நாளைக்கு வரும். ஆள் இங்கே இருந்தேன், வாய் அந்தக் கவுண்டரில் இருந்தது. அக்கா மனசு குளிர்ந்துபோனார். "நாளைக்கு விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணியோட பாதி போட்டுக்கிறேன். டாக்டரம்மா இல்லாட்டியும் நீங்க இருக்கீங்களே தம்பி, நல்லா இருப்பீங்க."

ஆறாவது ஜாடி

அன்றைக்கு ஐந்து ஜாடியில்தான் மாத்திரை. ஆறாவது சும்மா சுழன்றுகொண்டிருந்தது. பெட்டி நசுங்கியதால் கழித்துப்போட்ட மாத்திரை ஒன்று மேஜை இழுப்பறையில் கிடந்தது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எட்டு மணி சாம்பிளை எடுத்த பிறகு, பாதி மாத்திரை எப்படிக் கரையும் என்று பார்க்கும் ஆசையில் பிளேடால் அதை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆறாவது ஜாடியில் போட்டேன்.

நூல் எழவில்லை. அறுபட்ட வாய் முழுவதிலிருந்தும் புகை கிளம்பியது. துடுப்பு அதை வாரி இழுத்தது. இருபது நிமிஷத்தில் ஜாடி முழுக்கக் கஞ்சித் தண்ணீர் நிறம். பக்கத்து ஐந்து ஜாடிகளிலும் அதே ஒற்றை நூல், அதே நிதானம். மிக அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அக்காவுக்கு நான் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு நாள் முழுவதும் சொட்ட வேண்டியதில் பாதி, ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கினால் அழுத்தம் மளமளவென்று கீழே போகும். எழுந்து நிற்கிற மனுஷி விழுவாள். அவள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஹட் பேக்குப் போன் போகவில்லை. மழையில் டவர் போய்விட்டது. ஒன்பது மணிக்கு மேடம் கிடைத்தார். அக்காவிடம் நான் சொன்னதை, சொன்ன விதத்திலேயே, ஒரு வார்த்தை குறைக்காமல் ஒப்பித்தேன். ஹட் பே ஆஸ்பத்திரிக்கு அவரும் முயன்று பார்த்தார். அதுவும் செத்த லைன். மறுபடி கூப்பிட்டபோது குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "'தெரியாது, கேட்டுச் சொல்றேன்', இதுவும் ஒரு தவாய்தான். சைட் எஃபெக்ட் கிடையாது. நீ ஏன் அதைக் கொடுக்கலை?"

கப்பல் வழி

போன் செத்தாலும் ஹட் பேயில் பேசுகிற பொருள் ஒன்று இருந்தது. ஜெட்டியில் மாட்டிக்கொண்டு நின்ற கப்பல். பாம்பூஃப்ளாட்டில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் அப்பாராவ், துறைமுகத்தில் வயர்லெஸ் பார்க்கிறவர். நல்லவேளையாக அவருக்கும் அன்று ராத்திரி டியூட்டி. மருத்துவ அவசரம் என்று மேடம் அவரிடம் போனில் சொன்னார். நான் போனில் தமிழில் சொன்னதை அவர் ஹிந்தியாக்கி, காற்றில் அனுப்பினார்: ஹட் பே, நாலு கிலோமீட்டர், ராசம்மா, மாத்திரையை உடைக்கக் கூடாது. அங்கே ஊர்ப்பெயரே ஜெட்டியிலிருந்து எத்தனை தூரம் என்பதுதான்; விலாசம் தேடும் சிரமம் இல்லை. ஆனால் காற்று அடிக்கிற அடியில் இருட்டில் யாரும் கப்பலை விட்டு இறங்க முடியாது, வெளுக்கிற நேரத்தில் ஒரு ஆளை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. நான் ஆறு மணி என்றேன். ஆறுக்கு முன்னால் என்றேன். இன்னும் இரண்டு தரம் சொன்னேன். அப்பாராவ் வயர்லெஸ் மைக்கைச் சற்று மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கப்பல்ல கேக்கிறாங்க. அந்த அம்மா உனக்கு ரிஷ்தேதாரா? என்ன உறவுன்னு சொல்லட்டும்?"

என்ன உறவு? மணிக்கு மணி சாம்பிள் எடுத்தேன். ஒன்றுகூட விடவில்லை. ஆறாவது ஜாடி வெள்ளையாகச் சுழன்றுகொண்டே இருந்தது. ஐந்தே முக்கால் ஆனது. ஆறு ஆனது. ஆறே கால் ஆனது. வெளியே மழை விட்டு வெளுத்தபோது, அந்த வெளுப்புகூட ஜாடித் தண்ணீர் மாதிரியே இருந்தது. அப்பாராவிடமிருந்து தகவல் இல்லை. போன ஆள் இன்னும் கப்பலுக்குத் திரும்பவில்லை என்பதைத் தவிர.

நாலு பாதி

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. மேடம் போனில் சொல்லச் சொல்ல, தவறுகளைப் பதிகிற ரிஜிஸ்டரில் என் தவறை என் கையெழுத்திலேயே எழுதினேன். முன்பே முழுதாக விழுங்கவும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். கடிக்கக் கூடாது என்று மட்டும்தான் எல்லோரும் புரிந்துகொண்டிருந்தோம், என்னையும் சேர்த்து. பெட்டிகளுக்கெல்லாம் உடைந்த மாத்திரைப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து ஒட்டச் சொன்னார். முதல் படத்தை நான் வரைந்துகொண்டிருந்தேன். பத்து மணி சுமாருக்கு டவர் உயிர்பெற்றுப் போன் அடித்தது.

ராசம்மா அக்காதான். குரலைக் கேட்டதும் நான் பேனாவைக் கீழே வைத்தேன். கப்பல்காரன் இரவல் சைக்கிளில் மழையோடு மழையாக வந்திருக்கிறான். அக்கா ராத்திரியே இரண்டு மாத்திரையையும் உடைத்து, நாலு பாதியையும் சாசரில் அடுக்கி வைத்துவிட்டார். அவன் வாசலில் நின்று கத்தும்போது ஒரு பாதி உள்ளங்கையில், தேத்தண்ணி மறு கையில். அவன் நாலு பாதியையும் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவை சைக்கிள் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பழைய மூன்று வேளை மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலுக்குத் திரும்பியிருக்கிறான். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பாதியில் வெட்டினார். "ஒடைக்கச் சொன்னதும் நீங்க, ஒடைக்காதேன்னு கப்பல்காரனை ஏவுனதும் நீங்க. இனி நான் ஒன்னு கேட்டா உடனே சொல்லாதீங்க தம்பி. நான் லைன்லயே நிக்கிறேன், எனக்கு என்னா அவசரம்?"

ஒரு நாள் முழுக்க ஆறுதலாக வேலை செய்கிற மாத்திரையை உண்டாக்கத் தெரிந்த உலகம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாகப் பதில் சொல்கிற ஆளை இன்னும் உண்டாக்கவில்லை.