நோட்டில் போடாத கட்டம்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை கக்கூஸ் போகிறாள் என்று எழுதி வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பெருங்குடல் முழுக்கப் புண் என்று பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து அவளை வீட்டுக்கு அனுப்பியபோது, சிஸ்டர் கொடுத்த வேலை அது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, எத்தனை தடவை, காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை. அம்மா மாத்திரையை விழுங்கியதும் பச்சை மையில் டிக். இத்தனை அழகான நோட்டு வகுப்பில் யாரிடமும் இல்லை என்று எனக்குப் பெருமை.

வார்டில் கட்டிலிலிருந்து பத்து எட்டில் கக்கூஸ். தாராவியில் எங்கள் சந்துக்கே சேர்த்து முனையில் ஒரு சண்டாஸ், பொதுக் கக்கூஸ். பெண்கள் பக்கம் நான்கு கதவு. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கே வரிசையில் ஆளுக்குப் பதில் தண்ணீர் டப்பா நிற்கலாம். டப்பாவை வைத்துவிட்டுப் போய் உலையைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் காலை நேரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் டப்பா. அம்மாவின் வயிறு அந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. அவள் உள்ளே போனதுமே நான் கடைசியில் அடுத்த டப்பாவை வைத்துவிடுவேன்.

எதிர்வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, ஒங்கம்ம இப்பதான உள்ள போனா? அதுக்குள்ள இன்னொரு டப்பாவா? சண்டாச ஒங்க பேருக்கு எழுதி வாங்கிட்டியளோ?"

வரிசையே சிரித்தது.

"அம்மைக்கு வயித்துல புண்ணு, அத்த."

"கொணமாக்காமலா ஆஸ்பத்திரில அனுப்புவாவ?"

அம்மா கதவைத் திறந்து வெளியே வந்து நின்றிருந்தாள். டப்பா இரண்டையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு நோட்டில் எண் இறங்கியது. ஒன்பது, ஆறு, நாலு. இரண்டாவது வாரக் கடைசியில், இரண்டு.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போனபோது டாக்டர் என் நோட்டைப் பக்கத்தில் நின்ற மாணவர்களிடம் காட்டி "வெரி குட்" என்றார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். எடை பார்க்கும் மெஷின் கதவோரத்தில்தான் இருந்தது. அதில் ஏறச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கை சுடுகிறது.

அதிலிருந்து பத்தாம் நாள் காலை அம்மா வரிசையிலேயே சரிந்தாள். சேலையெல்லாம் ரத்தம். "ஏ மைனி, கண்ணத் தொறங்க" என்று முதலில் ஓடிவந்து தூக்கியது அதே எதிர்வீட்டு அத்தைதான்.

அதே வார்டு. வேறு டாக்டர். அப்பாவிடம் இந்தியில் எரிந்து விழுந்தார்: வெளியே கண்டதைத் தின்றாளா, மாத்திரையை நிறுத்திவிட்டாளா, உங்கள் ஏரியா ஆட்களே இப்படித்தான். அப்பா கைகட்டி நின்றார். நான் நோட்டை நீட்டினேன். ஒரு டிக் விடுபடவில்லை. அவர் அதை வாங்கவே இல்லை. கேஸ் பேப்பரில் என்னவோ கிறுக்கினார். படித்துப் புரிந்துகொள்ள என் ஆறாம் வகுப்பு இங்கிலீஷே போதும்: நோயாளி சொன்னபடி நடக்கவில்லை.

"எழுதிட்டுப் போட்டும். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றாள் அம்மா.

அவளைத் தேற்றி மறுபடி அதே வரிசைக்குத்தான் அனுப்பினார்கள். வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் இன்னும் இரண்டு தடவை அட்மிட். ஒவ்வொரு தடவையும் குற்றவாளி அவள்தான்.

இப்போது சான்பாடாவில் இருக்கிறோம். அம்மாவின் கட்டிலிலிருந்து எட்டு எட்டில் கக்கூஸ்; ஆஸ்பத்திரியைவிட இரண்டு எட்டு குறைவு, நானே நடந்து பார்த்தேன். நோட்டையும் வைத்திருக்கிறேன். அதில் எண் சரி, டிக் சரி. இன்னொரு கட்டம் இருந்திருக்க வேண்டும்: என்ன சாப்பிட்டாள். தின்றால்தானே அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். டாக்டர்கள் அதைக் கேட்கவில்லை. நானும் கட்டம் போடவில்லை.

அந்த இரண்டு வாரமும் தன் தோசையை என் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்குப் பசிக்கலட்டி, நீ தின்னு" என்பாள். அம்மாவுக்குக் குணமாகிவருகிறது, அதனால்தான் இத்தனை பிரியம் என்று நினைத்துக்கொண்டு நான் தின்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'இரண்டு' என்று எழுதினேன்.