வேலியடியில் முளைத்த கேழ்வரகு

அக்காள் கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு ஆகிறது. நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன் பேச வராது. பிழையிருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள்க.

அக்காள் பிறந்தது திருச்சிப் பக்கத்துச் சிற்றூரில். பத்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி, மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தார். நான் இங்கே பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போனபின், ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்து என்னை வளர்த்தவர் அக்காள்தான். தமக்கென்று ஒரு வாழ்வைத் தேடிக்கொள்ளவில்லை.

டிசம்பரில் மரங்களுக்கிடையே பனி இறங்கும்போது மரம் சீவும் அவர் கத்தி நின்றுவிடும்.

“இந்நேரம் ஊர்க் கோயில் குடில்ல கேவுரு மொளச்சிப் பச்சப்பசேல்னு நிக்கும் தம்பி. அடுத்த வருசம் போயிடுவோம்.”

அவருடைய தகரப் பெட்டி எப்போதும் கட்டியே இருந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் லயக் குடியிருப்புகளை முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்தார்கள். எங்கள் சிறு கோயில் வேலிக்கு வெளியே தனித்து நின்றது. காட்டில் இருந்து போரிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி தானியம்கூட வெளியே கொண்டுபோகத் தடை. பிடிபட்டால் சிறை. அந்த ஆண்டுதான் ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் அக்காளுக்குக் கொஞ்சம் கேழ்வரகு தந்தார். கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில் விதைக்க அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வேலைக்குப் போகும் வரிசையில் நின்றார். சோதனையில் முடிச்சு அவிழ்ந்தது.

“என்னாக்கா, கொழந்த சாமிக்குக் கூழு காச்சப் போறியளா?” என்று பின்னால் நின்ற மரியம்மா சிரித்தார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

மலாய்க் காவலர் தானியத்தைப் பார்த்தார், அக்காளைப் பார்த்தார்.

“தா போலே லா, அக்கா. கூடாது” என்று மெல்லச் சொல்லி, அதை வேலியடி மண்ணில் கொட்டிவிட்டார். பேரை எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு தினமும் தூறல். கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் போக வேலி வாசலுக்கு வந்தோம். வேலியடியில் இளம்பச்சை. யாரும் மிதிக்காதிருக்கச் சுற்றிலும் கற்கள் வைக்கப்பட்டிருந்தன. அந்தக் காவலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காள் குடிலில் வைக்க மடியில் கொண்டுவந்த களிமண் குழந்தைச் சாமியை எடுத்து, அந்தப் பச்சையில் சற்று நேரம் கிடத்தினார். வரிசையே முழந்தாளிட்டது.

“இவரும் சொந்த ஊர்லயா பொறந்தாரு? பெத்தவங்க பேரு பதியப் போன எடத்துலதான தம்பி” என்றார். அன்று மாலை தகரப் பெட்டியைப் பிரித்து, சேலைகளைக் கொடியில் போட்டார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் என் கையைப் பிடித்து, “வீட்டுக்குப் போவணும்டா” என்றார்.

“ஊருக்கா அக்கா? கப்பல்லயா?”

“இல்லடா. அந்தக் கேட்டுக்கிட்ட. பச்சையா இருக்கும்.”

அவரைக் கவனித்த தாதிமாருக்கும், ஜெபித்த பங்கு மக்களுக்கும், கஞ்சி சுமந்து வந்த மரியம்மாவுக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்தக் காவலருக்கும்தான். அன்று வாசலில் எனக்குப் பேச்சு வரவில்லை, காவலர் ஐயா. இந்த நன்றியைத்தான் சொல்ல நினைத்தேன்.