கலியபெருமாள் கையெழுத்திட்ட தாள்

கலியபெருமாள் இறந்துவிட்டார் என்று இன்று மதியம் போன் வந்தது. வரப்பில் மண்வெட்டியோடு விழுந்தவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பிறகு நேராகப் போய்ப் பீரோவைத் திறந்தார்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று இடத்தில் வயல் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களிடம் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் கலியபெருமாள். அப்பா ஊரிலிருந்தே தஞ்சாவூருக்குப் போய்வரும் ஆசிரியர். அவர் சேற்றில் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கலியபெருமாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டது ஞாபகம் இருக்கிறது: "இந்த வருசம் எனக்கு எந்த வயலுங்க?" அப்போது வேறு இரண்டு குத்தகைக்காரர்களும் இருந்தார்கள். அப்பா வருடாவருடம் மூவரையும் வயல் மாற்றுவார்.

"ஒரே வயல்ல மூணு வருசம் நின்னா என் காலு வேர் விட்டுடும்னு ஐயாவுக்குப் பயம்" என்று அவர் அம்மாவிடம் சொல்வார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொள்வார். தொடர்ந்து உழுதவரை நினைத்தபடி வெளியேற்றச் சட்டம் விடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு மற்ற இருவரும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்றில் ஆற்றங்கரை வயல் மட்டும் மாறாமல் இவரிடமே நின்றது.

இரண்டு வருடங்களுக்கு முன் அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது. நிவாரணம் அப்பா பெயருக்கு வந்தது. யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று பதியும் அடங்கலில் அப்பாவின் பெயர்தான் இருந்தது. தன் பெயரை அதில் ஏற்றச் சொல்லிக் கலியபெருமாள் கேட்டு வந்தார்.

"ஏத்தச் சொல்றேன். முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று அப்பா ஒரு முழுத்தாளை நீட்டினார். பேனா எடுத்து வந்தது நான்.

"வெறுந்தாளா இருக்குதுங்களே."

"ஒரு நம்பிக்கைக்குத்தான்."

"நம்பிக்கைக்குத் தாள் எதுக்குங்க?" என்றவர் என்னைப் பார்த்தார். "சரி, பாப்பா பாத்துக்கிட்டுத்தானே நிக்குது." குனிந்து, தாளின் அடியில், எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

அடங்கலில் அவர் பெயர் ஏறவே இல்லை. போன மாதம் தாலுகா ஆபீசில் தன்னைக் குத்தகைதாரராகப் பதியச் சொல்லி மனுக் கொடுத்தார். விசாரணைக்கு நோட்டீஸ் வந்த அன்று அப்பா அவரை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"என் நிலத்தை எழுதி வாங்கப் பாக்குறியா?"

"நிலம் உங்களுதுதாங்கய்யா, அதை யாரு கேட்டா? உழுதது நானுன்னு ஒரு காகிதத்துல இருக்கட்டும். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, அஞ்சம்மாளை வயல்ல இறங்காதேன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்லங்க."

அஞ்சம்மாள் அவருடைய மனைவி. அந்த வயலில் நாற்று நடுவதும் களையெடுப்பதும் அவர்தான்.

விசாரணை வரும் வியாழக்கிழமை. அப்பா இன்று பீரோவிலிருந்து எடுத்தது அந்த வெறுந்தாளைத்தான். அதோடு, பார்த்து எழுதுவதற்கு ஒரு துண்டுச் சீட்டையும் என்னிடம் கொடுத்தார். உடல்நிலை சரியில்லாததால் சொந்த விருப்பத்தின் பேரில் சாகுபடியை விட்டு நிலத்தை ஒப்படைத்துவிட்டதாகக் கலியபெருமாளே சொல்வதுபோல அதில் இருந்தது. தேதி, போன வருடத்துத் தேதி.

"என் எழுத்து ஆபீஸ்ல தெரியும். நீ எழுது."

"இன்னும் எடுக்கவே இல்லீங்க. நாளைக்கு எழுதட்டுமே" என்றார் அம்மா. அப்பா பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"தாள்ல ஒண்ணுமே இல்லாமத்தானே அவர் கையெழுத்துப் போட்டாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"எவரு அவரு?" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. "உன்னை எழுதத்தான் சொன்னேன். யோசிக்கச் சொல்லல. காலையில தாள் என் கையில இருக்கணும்."

எல்லாரும் படுத்த பிறகு எழுத உட்கார்ந்தேன். எழுதியது இதைத்தான், அந்தத் தாளிலேயே. பின்பக்கத்தில் தொடங்கி, நுணுக்கி நுணுக்கி, இப்போது முன்பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டேன். இனி இதில் அந்தத் துண்டுச் சீட்டை ஏற்ற இடமில்லை. விடிந்ததும், அப்பா எழுவதற்குள், இதை அஞ்சம்மாளிடம் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். இருமல் நிற்கும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். நாளைக்கு இந்த வீட்டில் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

ஐயா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டு விளக்கு எரிவது ஜன்னலில் தெரிகிறது. ஆற்றங்கரை வயலை உழுதவர் நீங்கள். அதைப் பார்த்தவள் நான். கீழே இருக்கும் உங்கள் பெயரின் மேல் என் எழுத்து ஒன்றும் படாமல் இதோ நிறுத்துகிறேன். நல்லபடியாகப் போங்கள்.