அக்காவும் நானும் வைத்த மான் கறி

சுவிசின் பூம்ப்ளிஸில் எங்கள் ஆட்களுக்கு நல்ல அரிசியும் மிளகாய்த்தூளும் கிடைக்காத காலத்தில் கடை போட்டவன் நான். ஒரு பழைய சைக்கிள் திருத்தகத்தின் நிலக்கீழ் அறையில் தொடங்கினேன். வங்கிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலைக் காட்டினார். அதற்குப் பிறகும் போட்டேன். கொண்டாட்டங்களுக்கு ஒரு மண்டபம் கட்டினேன். அதன் நிலத்துக்குக் கல் பதித்தது என் கை. கோயில் மடைப்பள்ளியில் இன்றைக்கும் எரிகிற பெரிய அடுப்பைப் பொருத்தியவன் நான். போரில் செல் குண்டு விழுந்து இடிந்த எங்கள் ஊர் அளவெட்டி வீட்டை இங்கிருந்தபடியே திரும்ப எழுப்பினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஜெர்மன் மொழியைப் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்தவன். இந்தக் கட்டுரையையும் எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

அக்காவின் மகள் தர்சினி வந்து கேட்டாள்.

"மாமா, அம்மாவின்ர முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. ஆனா அம்மாவைப் பற்றி எழுதுங்கோ. உங்களைப் பற்றி இல்லை."

"என்னை விட்டிட்டு உன்ர அம்மாவைப் பற்றி எப்படியடி எழுதுறது?"

"அதுதான் மாமா எனக்கும் பயம்."

பயப்படத் தேவையில்லை. அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த மலரின் கடைசிப் பக்கத்தில், 'அம்மாவின் மான் கறி' என்று தலைப்புப் போட்டு, சமையல் குறிப்பு ஒன்றை அச்சடிக்கப் போகிறார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அக்கா வீட்டில் அந்தக் கறியைச் சாப்பிட்டவர்கள்தான் இதை வாசிக்கப் போகிறீர்கள். அந்தத் தலைப்பு சரியில்லை என்பதையும் இதில் சேர்த்தே சொல்லப் போகிறேன். வாசித்துவிட்டு நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அக்கா அளவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா நோய்ப் படுக்கையில் விழுந்தபோது அக்காவே எனக்குத் தலை வாரி இழுத்துவிட்டார், சோறு போட்டார், பள்ளிக்கூடம் போகாத நாட்களில் பூவரசந் தடியோடு துரத்தினார். நான் படிக்காததற்கு அவர் பொறுப்பில்லை. கலியாணமாகிச் சில வருடங்களிலேயே அத்தானைப் போரில் பறிகொடுத்தார். தர்சினியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சுவிசுக்கு வந்து இறங்கியபோது நான் சூக் நகரத்தில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்தது ஓர் அறை. அதற்குள் மூன்று பேரும் இருந்தோம்.

அந்த முதல் இலையுதிர் காலத்தில் உணவகத்தில் மான் இறைச்சி வந்து குவிந்தது. வேட்டை தொடங்கினால் இந்த நாட்டில் எல்லாருக்கும் அந்தச் சாப்பாட்டில்தான் கண். தலைமைச் சமையற்காரர் தோள்பக்கத்துத் துண்டுகள் கொஞ்சத்தைப் பையில் போட்டு என்னிடம் தந்தார். நான் பெருமையாகக் கொண்டுபோனேன்.

"என்ன இறைச்சி தம்பி?"

"மான்."

"மானோ? சிவபெருமான்ர கையில நிக்கிறதைக் கொண்டுவந்து என்ர சட்டியில போடப் போறியோ?"

"அவற்ற கையில மழுவும் நிக்குது அக்கா. வெட்டிறதுக்குத்தானே."

அக்கா சிரித்துவிட்டார். நாட்டைவிட்டு வந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அந்தச் சிரிப்புக்குக் காரணம் நான் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா ஆட்டிறைச்சிக்குச் செய்வதைப் போலச் செய்தார். தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, நெருப்பைக் கூட்டிக் கொதிக்க வைத்தார். மானில் கொழுப்பு இல்லை. கொதிக்கக் கொதிக்க அது இறுகியது. வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தோம்.

"தம்பி, இது ஓடித் திரிஞ்ச மிருகம். சட்டிக்குள்ளயும் இன்னும் ஓடிக்கொண்டிருக்குது" என்றார் அக்கா.

அடுத்த நாள் நான் சமையற்காரரைக் கேட்டேன். அவருக்கு அவசரம், எனக்குச் சொற்கள் போதாது. கையால் காட்டிக் கேட்டேன், கையால் காட்டிச் சொன்னார். வெள்ளைச் சவ்வை உரிக்க வேண்டும். சிவப்பு வைனில் வெங்காயம், கரட், வக்கோல்டர் என்கிற கறுப்புக் காட்டுக் கொட்டை, பிரிஞ்சி இலை எல்லாம் போட்டு முதல் நாளே ஊறவைக்க வேண்டும். பிறகு ஈரம் துடைத்து, காய்ந்த இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்கப் பிரட்ட வேண்டும். அதன்பின் நெருப்பைத் தணித்துவிட்டு மறந்துவிட வேண்டும். மறப்பதுதான் சமையல் என்றார்.

"வைனிலயோ? குடியில குளிப்பாட்டின இறைச்சியைப் பிள்ளைக்குக் குடுக்கிறதோ?" என்று அக்கா மறித்தார். வினாகிரியில் ஊறவைப்பது என்று முடிவானது. வக்கோல்டரை மிளகோடும் உள்ளியோடும் சேர்த்து அக்கா இடித்தார். அந்த மணம்தான் நீங்கள் எல்லாரும் மாடிப்படியில் ஏறும்போதே உங்கள் மூக்கை உயர்த்தியது. இடித்தவர் அக்கா. கேட்டு வந்தவன் யார்?

பிறகு பூம்ப்ளிஸுக்கு வந்தோம். அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை கிடைத்தது. விடியப் போனால் பின்னேரம்தான் வருவார். மெல்லிய நெருப்பில் கறி வைத்துவிட்டு அடுப்படியில் நிற்க நேரம் ஏது? அப்போதுதான் நான், மின்சாரத்தில் மெல்ல வேகவைக்கிற ஸ்லோ குக்கரை வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே கனமான பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கறண்டைப் போட்டிட்டு ஆளில்லாமல் விட்டிட்டுப் போறதோ? வீடு எரிஞ்சா?"

"நான் வாங்கின சாமான் எரியாது."

"நீ வாங்கினதுதான் எனக்குப் பயமே."

முதல் நாள் தன் இடைவேளையில் ஓடிவந்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகு தர்சினி பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் சமையல் மணம் இருந்தது. அதைத் தர்சினி எனக்கு இந்த மாதம்தான் சொன்னாள். "வீட்டில ஆரோ நிக்கிற மாதிரி இருக்கும் மாமா" என்றாள்.

அந்த இல்லத்து வேலையைப் பற்றி ஒன்று. பொத்தான் கழன்ற சட்டை தோய்க்க வந்தால் அக்கா தைத்துத்தான் திருப்பி அனுப்புவார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இறுதிக் கிரியைக்கு வந்த அவருடைய பழைய வேலைத்தோழிகள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நான் என்றால் முதல் பொத்தானுக்கே ஊருக்குச் சொல்லியிருப்பேன். அக்கா அப்படி இல்லை. தான் செய்ததையும் சொல்லமாட்டார். என்ன செய்வது, நான் செய்ததையும் சொல்லமாட்டார்.

மான் கறி ஞாயிறு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டீட்டிகோனிலிருந்தும் சூக்கிலிருந்தும் சொந்தக்காரர் வருவார்கள். ஆனால் அதற்கு முன்னம் நடப்பது உங்களுக்குத் தெரியாது. வேட்டைக்காரர் உவேலியிடம் போய் இறைச்சி எடுத்து வருவது நான். சவ்வு உரித்து வெட்டுவது நான். ஊறவைப்பது, துடைப்பது, பிரட்டுவது நான். கரட்டும் செலரிக் கிழங்கும் தோல் சீவுவது நான். வறுத்த தூளை மட்டும் அக்கா போடுவார். மூடியை மூடிவிட்டுப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏனென்றால் எங்கள் ஆட்களால் ஒரு சட்டியைத் திறக்காமல் கடந்து போக முடியாது. சப்பாத்தைக் கழற்றுகிறார்களோ இல்லையோ நேரே குசினிக்கு வந்து மூடியைத் தூக்குவார்கள். ஒருமுறை தூக்கினால் உள்ளே இருக்கிற சூடு போய்விடும். திரும்பச் சேர நெடுநேரமாகும்.

"கையை எடு."

"சும்மா பாத்தனான் அக்கா."

"பாக்க என்ன இருக்கு? மானுக்குக் கொம்பு முளைக்குதோ எண்டு பாக்கிறியோ?"

கறி இறங்குகிற நேரம் வந்தால் என்னையும் குசினியை விட்டுத் துரத்திவிடுவார். "நீ போய் ஆக்களோட இருந்து உன்ர மண்டபக் கதையைச் சொல்லு" என்பார். கடைசியில் தேங்காயின் முதல் பாலும் உப்பும் சேர்ப்பது அவர். அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சாப்பிட்டவர்கள் எல்லாரும் "அக்காவின்ர கையே கை" என்பார்கள். நான் அக்காவைப் பார்ப்பேன். அக்கா தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பார். போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது, நிற்கத் தெம்பில்லை. இடித்தது, தூள் போட்டது, பால் விட்டது எல்லாம் நான். கடைசியில் மட்டும் கதிரையைக் கிட்ட இழுக்கச் சொல்லி, என்னை வெளியே போகச் சொன்னார். அன்றைக்கும் எல்லாரும் அக்காவின் கையைத்தான் புகழ்ந்தார்கள்.

ஆட்கள் போனபின் நான் கேட்டேன். "அக்கா, தம்பிதான் சமைச்சவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா ஆக்கள் சாப்பிட மாட்டினம்."

"பகிடி விடாதேங்கோ. எத்தினை வருசம்?"

அக்கா கதிரையில் சாய்ந்துகொண்டார். பிறகு, "நீ எல்லாத்திலயும் உன்ர பேரை எழுதி வைச்சிருக்கிறாய். இது ஒண்டிலயாவது என்னோட சும்மா இரன்" என்றார்.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்த இலையுதிர் காலம் அவர் ஆஸ்பத்திரியில். சாப்பாடு இறங்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து கடையை விரிவாக்குகிற திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "தம்பி, கட்டினது போதும், தண்ணி கொஞ்சம் தா" என்றார். குடித்துவிட்டு, "உவேலி மான் சுட்டிட்டானோ?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "சுட்டா வாங்கி வை" என்றார். இரண்டு நாள் கழித்து, வெளியே மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், தர்சினி ஒரு கையையும் நான் மற்றக் கையையும் பிடித்திருக்க, அக்கா கண்ணை மூடினார்.

எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்கு, இறந்தவர் விரும்பியதைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். உவேலியிடம் போனேன். விசயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நான் கேட்காமலே கழுத்துப் பகுதியையும் சேர்த்துக் கட்டித் தந்தார். அதுதான் மெல்ல வேகும், நல்ல ருசி.

படைக்கிற சாப்பாட்டில் உப்புப் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் வாயில் வைக்கவில்லை. நான் அக்காவின் கதிரையில் உட்கார்ந்து மூடியைக் காவல் காத்தேன். வந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போலத் தூக்கப் பார்த்தார்கள், ஒருவரையும் விடவில்லை. இறைச்சி பஞ்சுபோல் வெந்திருந்தது. பால் விட்டேன். படைத்தோம். கும்பிட்டோம். பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

எல்லாரும் குனிந்த தலையோடு இருந்தார்கள். மரியாதைக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தர்சினிதான் கேட்டாள்.

"மாமா, உப்புப் போட்டனீங்களோ?"

"உப்பு உன்ர அம்மாவெல்லோ போடுறவ" என்று நான் சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அப்படி வந்துவிட்டது. அதன்பின் அந்த அறையில் அழாதவர்கள் இல்லை. தர்சினி எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து, போட்டாள், பார்த்தாள், திரும்பவும் போட்டாள். "இப்ப சரி" என்றாள். பானை காலியாகும்வரை எல்லாரும் சாப்பிட்டார்கள்.

பாத்திரம் கழுவும்போது அவள் என்னிடம் சொன்னாள். "இதுக்குத்தான் மாமா அம்மாவின்ர கறி எண்டு போடுறன். அம்மா இல்லாட்டி அது கறியில்லை."

"நான் இல்லாட்டி அது இறைச்சியே இல்லை" என்றேன்.

அவள் பானையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். தலைப்பை மாற்றவில்லை.

இனி நன்றி. அக்காவுக்குக் கடைசிவரை தலைசீவி, முகம் துடைத்து, அவருடைய மொழி தெரியாமலே அவரோடு கதைத்த தாதிமாருக்கும், கிரியைகளைக் குறைவில்லாமல் செய்து தந்த குருக்களுக்கும், மழையென்று பாராமல் தூர இடங்களிலிருந்து வந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும், பொத்தான் கதையைச் சொன்ன அந்தத் தோழிகளுக்கும், எங்கள் துக்கத்துக்கு மலையிலிருந்து இறங்கிவந்து பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்தபடி இருந்த உவேலிக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். தர்சினிக்கு நன்றி சொல்லமாட்டேன். அவள் பிள்ளை, அவள் செய்யத்தான் வேண்டும். நன்றாகச் செய்தாள்.

மலரைத் தயாரிக்கிறவர்களுக்கு ஒரு சொல். 'அம்மாவின் மான் கறி' என்பதை எடுத்துவிட்டு 'அம்மாவும் மாமாவும் வைத்த மான் கறி' என்று போட வேண்டும். உப்பு எவ்வளவு என்பதை எழுத வேண்டாம்; அது அக்காவுக்கு மட்டும் தெரிந்தது, அவருடையதாகவே இருக்கட்டும். மற்ற எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு இருக்கிறது. அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுத இனி எனக்கு இதைவிட்டால் வேறு இடம் இல்லை. ஆகவே என் பெயரை அடியில் சின்ன எழுத்தில் போடுகிற வேலை வேண்டாம். ஒரே வரியில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போக முன்னம் அந்தப் பக்கத்தை எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.